தரிசு வேறு, மலடு வேறு

திரை விலகும்போது ஒரு பெண் தூங்கிக்கொண்டிருக்கிறாள். காலடியில் தையல் கூடை. மேடை முழுக்கக் கனவில் வருவதுபோல ஒரு வெளிச்சம். ஆடு மேய்ப்பவன் ஒருவன், வெள்ளை உடுத்திய குழந்தையைக் கைப்பிடித்து நுனிக்காலில் நடந்து வருகிறான். அவளையே உற்றுப் பார்த்துவிட்டுப் போகிறான். கடிகாரம் அடிக்கிறது. வெளிச்சம் வசந்த காலத்துக் காலைப்பொழுதாக மாறுகிறது. அவள் கண் விழிக்கும்போது குழந்தை இல்லை. வயலுக்குக் கிளம்பும் கணவன்தான் இருக்கிறான். கல்யாணமாகி இரண்டு வருடம் கடந்துவிட்டது.

அவள் பெயர் யெர்மா. ஸ்பெயினின் கவிஞர் ஃபெதரிகோ கார்சியா லோர்கா எழுதி 1934இல் மேடையேறிய நாடகத்தின் பெயரும் அதுவே. மூன்று அங்கம், ஆறு காட்சி. ‘துயரக் கவிதை’ என்றுதான் லோர்கா அதற்குத் துணைத்தலைப்பு கொடுத்தார். பேச்சு உரைநடையில் ஓடும். தாங்க முடியாத இடத்துக்கு வந்ததும் பாட்டாக, செய்யுளாக எழும்பும். அப்படி எழும்புவது பெரும்பாலும் பெண்களின் குரல்.

இந்த நாடகம் 1960களில் தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழிக்குப் போனது. நேராக ஸ்பானிய மொழியிலிருந்து எடுத்துக்கொண்டு போனவர் உய்ஸ் கிரிகே என்ற கவிஞர். உலக நாடகங்கள் மொழிபெயர்க்கப்படுவது புதிதில்லை. ஆனால் இந்த ஒரு பயணத்தைக் கூர்ந்து பார்க்கக் காரணம் இருக்கிறது. குழந்தை பெறாத பெண்ணைப் பற்றிய நாடகம் ஒரு மொழிக்குள் நுழையும்போது, அந்த மொழி அவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது வெளியே வந்துவிடுகிறது. வசையாகக் கைவசம் இருக்கும் சொல்லை எடுத்துப் போடுவதா, தேடிப் பிடித்து வேறு சொல் தருவதா என்று மொழிபெயர்ப்பாளர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவில்தான் இப்படிப்பட்ட நாடகம் பிழைக்கும் அல்லது சாகும்.

விடியும்வரை தண்ணீர் முறை

யெர்மாவின் கணவன் ஹுவான் கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, அடிப்பதில்லை. நாள் முழுக்க உழைக்கிறான், காசு சேர்க்கிறான். முதல் அங்கத்தின் கடைசியில், இரவு முழுக்க வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவதாகச் சொல்கிறான். வாய்க்காலில் தண்ணீர் குறைவு. சூரியன் கிளம்பும்வரை அவன் முறை. திருடர்கள் மடையைத் திருப்பிவிடாமல் காவல் இருக்க வேண்டும். நீ போய்ப் படுத்துத் தூங்கு என்கிறான். முறைப்பாசனம் தெரிந்த எந்த விவசாயக் குடும்பத்துக்கும் அந்த இரவு பழக்கமானது. நிலத்துக்கு அவன் விடிய விடியக் காவல் இருக்கிறான். வீட்டில் அவள் தனியாகப் படுத்திருக்கிறாள்.

நாடகத்தின் முழுக் கேள்வியும் இந்தச் சின்னக் காட்சியில் அடங்கியிருக்கிறது. பாய்ச்சிய இடத்தில்தானே விளையும்?

‘யெர்மா’ என்பது ஸ்பெயினில் பெண்களுக்கு வைக்கும் பெயர் இல்லை. ‘யெர்மோ’ என்ற சொல்லைப் பெண்பாலாக்கி லோர்கா உண்டாக்கியது. யெர்மோ என்றால் ஆள் குடியில்லாத, ஏர் படாத நிலம். அகராதிப் பொருள் அவ்வளவுதான்; மண்ணில் பழுது இருக்கிறது என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை. தமிழில் இதற்கு இணையான சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: தரிசு. உழாமல் விட்ட நிலம் தரிசு. போட்ட விதை முளைக்காத நிலத்தை வேறு சொல்லால்தான் சொல்வோம். ஊர் அவளை வறண்டவள் என்கிறது. காலப்போக்கில் அவளே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளத் தொடங்குகிறாள். பெயர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே வேறொரு நியாயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதை லோர்காவுக்கு வெளியிலிருந்து வந்ததும் இல்லை. கிரனாடா சமவெளியில் நிலபுலன்கள் வைத்திருந்த அவருடைய தகப்பனார் முதலில் மணந்த மத்தில்தே பலாசியோஸ் என்ற பெண், பிள்ளை இல்லாமலே 1894இல் இறந்துபோனார். அதன்பின் தகப்பனார் பள்ளி ஆசிரியை விசென்தா லோர்காவை மணந்தார்; 1898இல் ஃபெதரிகோ பிறந்தார். தான் பிறப்பதற்கு முன்பே போய்ச்சேர்ந்த, பிள்ளை இல்லாத அந்தப் பெண்ணின் நினைவு உலவிய வீட்டில்தான் அவர் வளர்ந்தார். பக்கத்து மலைக் கிராமமான மொக்ளினில், ஆண்டுதோறும் அக்டோபர் 5ஆம் தேதி அற்புதக் கிறிஸ்து ஓவியத்தை வணங்கக் கூட்டம் திரளும். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் நடந்தே போவார்கள். அந்தத் திருவிழாவில் வரம் எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் உண்டு. மூன்றாம் அங்கத்தின் இறுதிக் காட்சிக்கு லோர்கா அந்தத் திருவிழாவையே எடுத்துக்கொண்டார்.

நாடகத்தில், அங்கே வரும் ஒரு கிழவி யெர்மாவிடம் வெளிப்படையாகப் பேசுகிறாள். பதினான்கு பிள்ளை பெற்றவள் அவள். பெண்கள் இங்கே புதிய ஆண்களைப் பார்க்க வருகிறார்கள், மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்கிறது என்கிறாள். தன் மகன் காத்திருப்பதாகச் சொல்லிக் கூப்பிடுகிறாள். யெர்மா மறுக்கிறாள். மானம் அவளுக்குப் பிள்ளையைவிடப் பெரிது. இதை மறைந்திருந்து கேட்ட ஹுவான் வெளியே வந்து, தனக்குப் பிள்ளை ஆசையே எந்நாளும் இருந்ததில்லை, நீ மட்டும் போதும் என்று சொல்லி அணைக்க வருகிறான். அந்தக் கணத்தில் அவள் அவன் கழுத்தை நெரிக்கிறாள். இனிப் பிள்ளை பிறக்க வழியில்லை. தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக அவள் ஊரைக் கூட்டி அறிவிப்பதோடு திரை விழுகிறது.

1934 டிசம்பர் 29 அன்று மாட்ரிடின் ஸ்பானிய அரங்கில் மார்கரீத்தா ஷீர்கு யெர்மாவாக நடித்தார். வலதுசாரி இளைஞர்கள் சிலர் கூச்சல் போட்டுக் காட்சியைக் கலைக்கப் பார்த்தார்கள்; மீதி அரங்கம் அவர்களை அடக்கி, முடிவில் எழுந்து நின்று கைதட்டியது. வலதுசாரி, கத்தோலிக்கப் பத்திரிகைகள் நாடகத்தை ஒழுக்கக்கேடு என்றன. இருபது மாதங்களுக்குள், 1936 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் வெடித்த சில வாரங்களிலேயே, கிரனாடாவுக்கு வெளியே லோர்காவைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 38.

அடுப்படி மொழி

உய்ஸ் கிரிகே 1910இல் தென்னாப்பிரிக்காவின் சுவெல்லெண்டாம் அருகே பிறந்தவர். 1930களின் தொடக்கத்தில் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் அலைந்து திரிந்து, அந்த ஊர்களின் மொழிகளைத் தெருவிலேயே கற்றுக்கொண்டவர். 1937இல், ஸ்பெயின் மக்கள்மீது குண்டு வீசிய ஃபாசிஸ விமானிகளைக் கண்டித்து நெடுங்கவிதை எழுதினார். இரண்டாம் உலகப் போரில் செய்தியாளராகப் போய், 1941இல் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு, இத்தாலியில் போர்க்கைதியாக இருந்து தப்பி வந்தார். ஸ்பெயின் நினைவுகளை ‘வெயிலும் நிழலும்’ என்று பொருள்படும் ஸ்பானியத் தலைப்பிலேயே 1948இல் புத்தகமாக்கினார். லோர்காவின் நிலமும் மக்களும் அவருக்குப் புத்தகம் வழியாக வந்தவை இல்லை.

அவர் எடுத்துப் போன மொழியின் கதையையும் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தபின், மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்தெல்லாம் அடிமைகள் கப்பலேற்றப்பட்டு அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் கம்பெனியின் கோட்டைகளாக இருந்த காலம் அது. எஜமானரின் டச்சு மொழி அடிமைகளின் வாயிலும் கொய்கொய் பழங்குடியினரின் வாயிலும் உடைந்து, குழைந்து, இலக்கணம் எளிதாகிப் புது மொழியானது. கேப் டவுன் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அதை அரபு எழுத்தில் எழுதி, மதக் கல்விக்குப் பயன்படுத்தினார்கள். அந்த எழுத்தில் மத அறிஞர் அபூபக்கர் எஃபெந்தி எழுதிய நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சானது.

மேல்தட்டு வெள்ளையர் அந்த மொழியை ‘கொம்பெய்ஸ்தால்’ என்றார்கள். அடுப்படி மொழி என்று அர்த்தம். ஏளனமாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு உண்மையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆஃப்ரிகான்ஸ் பெருமளவுக்கு அடுப்படியில், தொட்டிலருகில், துவைக்கும் கல்லில் வேலை செய்த பெண்களின் வாயில் உருவான மொழி. ‘கெரி’ என்று அவர்கள் சொல்லும் குழம்பின் பெயரில் நம் கறி இருக்கிறது. பழைய பாணி மரக் கட்டிலுக்கு ஆஃப்ரிகான்ஸில் ‘காட்டெல்’ என்று பெயர். தமிழின் கட்டில்தான் மலாய், போர்த்துகீசிய வாய்களின் வழியே கடல் தாண்டி அங்கே போய் நின்றிருக்கிறது. ஹுவான் விடியும்வரை திரும்பாத அந்தப் படுக்கையைச் சொல்ல அந்த மொழியில் இருக்கும் சொற்களில் ஒன்று நம்முடையது.

1925இல் ஆஃப்ரிகான்ஸ் ஆட்சிமொழியானது. 1933இல் முழு பைபிளும் அதில் வந்தது. அடுப்படி மொழி பாராளுமன்றத்துக்கும் பிரசங்க மேடைக்கும் ஏறிய பிறகு, அதை உண்டாக்கிய கைகளின் பெயர் மறக்கப்பட்டது. வெள்ளை ஆஃப்ரிகானர் இனத்தின் தனிச்சொத்தாக அது காட்டப்பட்டது. நிறவெறி அரசின் மொழியாகவும் ஆனது. அதைக் கறுப்பினப் பள்ளிகளில் திணித்ததை எதிர்த்துத்தான் 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கிச் சுடப்பட்டார்கள். இன்றைக்கு ஆஃப்ரிகான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள்.

இனத்தின் தாய்

யெர்மா போய் இறங்கிய ஆஃப்ரிகானர் சமூகத்தில் பெண்ணுக்கென்று ஒரு பீடம் தயாராக இருந்தது. ‘இனத்தின் தாய்’ என்பது அந்தப் பீடத்தின் பெயர்.

1899 முதல் 1902 வரை நடந்த போரில், பிரிட்டிஷ் ராணுவம் போயர்கள் என்று அழைக்கப்பட்ட ஆஃப்ரிகானர் விவசாயிகளின் பண்ணைகளை எரித்துப் பெண்களையும் குழந்தைகளையும் முள்வேலி முகாம்களில் அடைத்தது. நோயிலும் பட்டினியிலும் சுமார் 26,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அவர்கள் நினைவாக 1913இல் ப்ளூம்ஃபொன்டெய்ன் நகரில் பெண்கள் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. ஆன்டன் ஃபான் வவ் வடித்த அந்தச் சிற்பத்தில், உட்கார்ந்திருக்கும் தாயின் மடியில் செத்துக்கொண்டிருக்கும் குழந்தை. துக்கம் உண்மையானது, யாரும் குறை சொல்ல முடியாதது. அந்தத் துக்கத்தின்மேல் தேசியவாதிகள் ஒரு இலட்சியத்தைக் கட்டினார்கள். 1918இல் வில்லெம் போஸ்ட்மா எழுதிய புத்தகத்தின் தலைப்பே போயர் பெண்ணை ‘தன் இனத்தின் தாய்’ என்று அழைத்தது. பெண் என்றால் தாய். அவள் வயிறு இனத்தின் நாளைக்கான சேமிப்பு.

கிரிகேவும் இந்தப் பீடத்தைச் சுற்றி வந்தவர்தான். போயர்கள் உள்நாட்டை நோக்கிக் குடிபெயர்ந்த பெரும்பயணத்தின் நூற்றாண்டான 1938இல் அவர் எழுதிய நாடகம் ‘மக்தலேனா ரெட்டீஃப்’. ஸூலு அரசனின் ஆட்களால் கொல்லப்பட்ட பயணத் தலைவர் பீட் ரெட்டீஃபின் மனைவியைப் பற்றியது. இழப்பைச் சுமந்து நிமிர்ந்து நிற்கும் பெண். கால் நூற்றாண்டு கழித்து அதே எழுத்தாளர், இனத்துக்காக எதையும் சுமக்காத, தனக்காக மட்டும் ஒரு குழந்தை கேட்கும், கடைசியில் கணவனைக் கொல்லும் தென் ஸ்பெயினின் ஆந்தலூசியக் கிராமத்துப் பெண் ஒருத்தியைத் தன் மொழிக்குக் கொண்டுவருகிறார். 1963இல் தணிக்கைச் சட்டம் வந்து, எதை எழுதலாம், எதை அச்சிடலாம் என்பதற்கு வாரியம் அமைத்த பத்தாண்டு அது. மக்தலேனாவிலிருந்து யெர்மாவுக்கு வந்த அந்த நகர்வு ஒரு எழுத்தாளரின் வாழ்க்கையில் நடந்த பெரிய நகர்வு.

ஏனென்றால் யெர்மா பீடத்துக்குள் அடங்கமாட்டாள். பிள்ளை வேண்டும் என்பதில் அவள் எந்தத் தேசியவாதியையும்விடத் தீவிரமானவள். ஆனால் அவள் கேட்பது தன் உடம்பு அறிந்த, தன் நாளை நிரப்பும் ஒரு உயிர். தாய்மையைக் கும்பிடும் சமூகம், தாயாகாத பெண்ணை என்ன செய்து வைத்திருக்கிறது என்று அவளுடைய ஒவ்வொரு வரியும் கேட்கிறது.

ஓடைக்கரையில் ஆறு பெண்கள்

மொழிபெயர்ப்பாளருக்கு உண்மையான சோதனை இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் வருகிறது. ஓடையில் ஆறு பெண்கள் துணி துவைக்கிறார்கள். யெர்மாவைப் பற்றி வம்பு பேசுகிறார்கள். வீட்டில் தங்கமாட்டாள் என்கிறாள் ஒருத்தி. வாசற்படியில் ராத்திரி உட்கார்ந்திருந்தாள் என்கிறாள் இன்னொருத்தி. பேச்சு நடுவில் ஹுவானின் சகோதரிகள் இருவர் வருகிறார்கள். மனைவியைக் காவல் காக்க அவன் கூட்டிவந்து வீட்டில் வைத்த நாத்தனார்கள். கறுப்பு உடை. வாயே திறக்காமல் துவைக்க உட்காருகிறார்கள். சட்டென்று பேச்சு நின்று, பாட்டு கிளம்புகிறது. துணி அடிக்கும் தாளத்தில், கணவன் வரவையும் படுக்கையையும் பிள்ளையையும் கொண்டாடும் பாட்டு. வம்பும் கவிதையும் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

இந்தப் பெண்கள் பிரசங்க மேடை மொழியில் பேசினால் நாடகம் அங்கேயே செத்துவிடும். ஆஃப்ரிகான்ஸுக்கு அந்தப் பேச்சு புதிதாகத் தேட வேண்டியதாக இல்லை. கேப் டவுனில் மேசை மலையிலிருந்து இறங்கும் பிளாட்டெகிளிப் ஓடையில், அடிமைக் காலம் முதல் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் எஜமானர் வீட்டுத் துணிகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்து துவைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு அவர்களின் பேத்திகள் கூலிக்குத் துவைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகராட்சி அவர்களுக்காகச் சலவைக்கூடங்கள் கட்டியது. மலைச்சரிவில் அவை இன்றும் நிற்கின்றன. மொழியை நக்கலும் பாட்டுமாக வளர்த்த வாய்கள் அங்கேதான் இருந்தன. ஆந்தலூசிய ஓடைக்கு அதைவிடப் பொருத்தமான ஆஃப்ரிகான்ஸ் ஓடை எங்கே கிடைக்கும்?

ஆனால் அந்தப் பெண்களின் வாரிசுகள் அரங்கத்துக்குள் வர முடியவில்லை. அரசு மானியம் பெற்ற நாடக அமைப்புகள் வெள்ளையருக்காக நடத்தப்பட்டன. 1965இல் வந்த அரசாணை, பல இனத்தவர் ஒன்றாக உட்கார்ந்து நாடகம் பார்ப்பதையே தடுத்தது. யாருடைய வாய்மொழி அந்தக் காட்சிக்கு உயிர் தரக்கூடுமோ, அவர்களுக்கு இருக்கை இல்லை. கிரிகேவின் மொழிபெயர்ப்பை மதிக்கும் யாரும் இந்தக் காயத்தைச் சேர்த்தே நினைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒரு மொழியின் கதவைத் திறக்கலாம். அரங்கத்தின் கதவு வேறு ஆட்கள் கையில் இருந்தது.

ஆஃப்ரிகான்ஸ் சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த மொழி யெர்மாவுக்கு எவ்வளவு கடினமான இடம் என்பது புரியும். கருப்பைக்கு அதில் ‘பார்மூதெர்’ என்று பெயர். ‘பார்’ என்றால் பெற்றெடுத்தல். ‘மூதெர்’ என்றால் தாய். பிள்ளையே பெறாத பெண்ணின் உடம்புக்குள்ளும் அந்த மொழி ஒரு தாயைக் குடிவைத்திருக்கிறது. ‘ஃப்ருக்’ என்றால் பழம்; கருவுக்கும் அதே சொல். அதிலிருந்து வருவது ‘ஒன்ஃப்ருக்பார்’. காய்க்காதது, கருத்தரிக்காதது என்று நிலத்துக்கும் பெண்ணுக்கும் பொதுவாகப் பயன்படும் சொல். குற்றம் மண்மேல்தான் என்று அது தீர்ப்பெழுதிவிடுகிறது. ஆனால் விவசாயிகளிடம் வேறொரு சொல்லும் உண்டு: ‘பிராக்’. ஏர் ஓட்டாமல் போட்டு வைத்த நிலம். நம் தரிசேதான் அது.

கிரிகே பெயரை மாற்றவில்லை. நாடகம் ஆஃப்ரிகான்ஸிலும் ‘யெர்மா’தான். ஸ்பானியம் தெரியாத காதில் அந்தப் பெயரின் பொருள் விழாது. அது ஒரு இழப்பு. ஆனால் காய்க்காதவள் என்று அர்த்தம் வரும் ஒரு ஆஃப்ரிகான்ஸ் பெயரை முகப்பில் மாட்டியிருந்தால், திரை விலகும் முன்பே தீர்ப்பு சொல்லியாகிவிடும். பார்வையாளர்கள் ஹுவானைக் கவனிக்கவே மாட்டார்கள். ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத தலைப்புக்காகக் கொஞ்சம் அர்த்தத்தை விட்டுக்கொடுத்தது சரியான முடிவு.

பாட்டை எடுத்துவிட்டால்

யெர்மா அதன்பின் பல உருவங்கள் எடுத்துவிட்டாள். ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ இன்னும் உயிரோடிருந்த 1971இல், விக்டோர் கார்சியா இயக்க, நூரியா எஸ்பெர்ட் மாட்ரிடில் யெர்மாவாக நின்றார். வழக்கமான தரைக்குப் பதில் மேடை முழுக்க இழுத்துக் கட்டிய பெரிய துணி. நடிகர்கள் அதில் அழுந்தினார்கள், சரிந்தார்கள், எழும்பினார்கள். 2016இல் லண்டனின் யங் விக் அரங்கில் சைமன் ஸ்டோன் நாடகத்தை இன்றைய லண்டனுக்கு மாற்றி எழுதினார். குழந்தைக்காகச் சிகிச்சைமேல் சிகிச்சை எடுத்து, அதை இணையத்தில் எழுதும் பெண்ணாக பில்லி பைப்பர் நடித்து, ஆலிவியர் விருதும் பெற்றார். பார்த்தவர்களை உலுக்கிய நாடகம் அது.

ஆனாலும் அந்த லண்டன் வடிவத்தில் துவைக்கும் ஓடை இல்லை. ஆறு பெண்களின் பாட்டு இல்லை. யெர்மாவின் வலி ஒருத்தியின் தனி மனநோவாகச் சுருங்கிவிடுகிறது. லோர்காவின் செய்யுள் பகுதிகள் அலங்காரத்துக்காக வைத்தவை இல்லை. ஊர் பேசுவது அங்கேதான் கேட்கிறது. ஒரு பெண்ணை ஊர் எப்படி வளைக்கிறது, எப்படிப் பாட்டாலேயே அடிக்கிறது என்பது பாட்டு இருந்தால்தான் தெரியும். கிரிகே கவிஞர். பாட்டைப் பாட்டாகவே கொண்டுபோகக் கூடியவர் கையில் இந்த நாடகம் விழுந்தது ஆஃப்ரிகான்ஸுக்குக் கிடைத்த பேறு.

நம் பக்கம்

தமிழ் வாசகருக்கு மொக்ளின் திருவிழாவைப் படிக்கும்போது திருச்செங்கோடு நினைவுக்கு வராமல் போகாது. அந்த ஊரைக் களமாக வைத்துப் பெருமாள்முருகன் 2010இல் எழுதிய ‘மாதொருபாகன்’ நாவலில், பன்னிரண்டு வருடம் பிள்ளை இல்லாத காளியும் பொன்னாவும் படும் பாட்டின் முடிவில் ஒரு தேர்த்திருவிழா இரவு காத்திருக்கிறது. இரண்டு எழுத்தாளர்கள், இரண்டு நாடுகள், எழுபத்தாறு வருட இடைவெளி. ஊர்ப்பேச்சு, விசேஷ வீடுகளில் ஒதுக்கல், மரத்தையும் சாமியையும் சுற்றும் அலைச்சல், கடைசியில் ஒரு திருவிழா. எதிர்ப்பும் ஒரே பாதையில் வந்தது: மாட்ரிடில் மதத்தை அவமதித்த நாடகம் என்றார்கள், இங்கே 2014 இறுதியில் போராட்டம் வெடித்து, 2015 ஜனவரியில் எழுத்தாளர் தன் எழுத்தின் மரணத்தை அறிவிக்கும் நிலைக்கு வந்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இரண்டு இடங்களிலும் சத்தம் போட்டவர்கள் ஊரின் மானத்தைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளை இல்லாத பெண் அன்றாடம் வாங்கும் சொல்லடி அவர்கள் காதில் விழவில்லை.

நமக்கும் அந்தச் சொல் கைவசம் இருக்கிறது. ‘மலடி’. ‘மலடன்’ என்ற ஆண்பால் அகராதியில் இருக்கிறது. ஆனால் யாரையும் அப்படித் திட்டிக் கேட்பது அபூர்வம். உலகச் சுகாதார அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் கருத்தரிப்புப் பிரச்சினையைச் சந்திக்கிறார். காரணம் ஆணிடம் இருக்கலாம், பெண்ணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். மருத்துவமனையில் பரிசோதனைக்கு முதலில் அனுப்பப்படுவது மட்டும் இன்றைக்கும் பெரும்பாலும் பெண். அந்த வரிசையைத் தொடங்கி வைப்பது ஒரு சொல்.

லோர்கா போன்றவர்கள் தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வருகிறார்கள். ஆங்கிலத்தில் ‘யெர்மோ’வுக்கு வழக்கமாகச் சொல்லும் பொருள் தமிழில் நேராக ‘மலடு’ என்று வந்து விழும். இடைவழியில் தரிசு தொலைந்துவிடும். ஒரு சொல் தொலைந்தால் ஒரு பெண் குற்றவாளி ஆகிவிடுகிற நாடகம் இது. ஸ்பானியம் கற்ற தமிழர்கள் இன்று இருக்கிறார்கள். நாடகக் குழுக்களும் இருக்கின்றன. பல்கலைக்கழக நாடகத் துறைகளும் அரசின் மொழிபெயர்ப்புத் திட்டங்களும் சேர்ந்தால், மூலத்திலிருந்து நேராக, நடிப்பதற்கென்றே, ஒரு கவிஞரும் ஒரு நடிகையும் ஒத்திகையில் உட்கார்ந்து சொல் சொல்லாகப் பேசிப் பார்த்துச் செய்யும் ‘யெர்மா’ தமிழில் கிடைக்கும். அச்சுக்கு முன்னால் அது மேடையில் வர வேண்டும். சபாக்களுக்கு முன்னால் ஒரு கிராமத்துத் திடலில் வர வேண்டும். லோர்காவே 1932 முதல் மாணவர்களைச் சேர்த்து ‘லா பராக்கா’ என்ற குழுவோடு லாரியில் ஊர் ஊராகப் போய், சந்தைத் திடல்களில் நாடகம் போட்டவர்தான்.

ஒத்திகையை எங்கே தொடங்குவது என்பதற்கும் நாடகத்திலேயே இடம் இருக்கிறது. ஓடைக்கரையில், மற்றப் பெண்கள் யெர்மாவைக் கிழித்துத் தொங்கப்போடும்போது, ஒருத்தி மட்டும் எதிர்த்துப் பேசுகிறாள். தப்பு அவன்மேல் என்கிறாள். பிள்ளை கொடுக்க முடியாத புருஷன்தான் பெண்டாட்டியைக் காக்க வேண்டும் என்கிறாள். அடுத்த நொடியே இன்னொருத்தி, இல்லை, எல்லாம் அவள் வாய்க்கொழுப்புதான் என்று அடக்கிவிடுகிறாள். நாத்தனார்கள் வந்து உட்காருகிறார்கள்; பாட்டு கிளம்புகிறது; அந்த ஒருத்தியின் பேச்சு தண்ணீர் சத்தத்தில் மூழ்கிப்போகிறது. தாமிரபரணிப் படித்துறையிலோ, வாய்க்கால் மதகடியிலோ அவள் அதை எந்தச் சொல்லில் சொல்லியிருப்பாள் என்று தமிழ் யெர்மாவை எழுதப்போகிறவர் முதலில் அந்தப் பெண்களிடம் போய்க் கேட்டு வரட்டும்.